கோமதிக்கு ‘அம்மை’ வந்த கோடை

தோல் பிரிவில் போட்டுவிட்டார்கள் என்று, புதிதாக வேலைக்கு வந்திருக்கிற நர்ஸுகள் உங்களில் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். இதய நோய்ப் பிரிவு என்றால் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம். தோல் பிரிவு என்றால் சொறி சிரங்குதானே என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பு முடித்து, துறைமுகத்தில் வேலை பார்த்த கணவரோடு கல்கத்தா வந்து, இங்கே தெற்குப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை வேறு பிரிவு கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மருந்து தடவுவது, கட்டுப் போடுவது, தார் மருந்தின் கறையைப் படுக்கை விரிப்பிலிருந்து எடுப்பது எல்லாம் உங்கள் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். அதற்கு நான் வேண்டியதில்லை. கோமதி என்ற ஒரு பெண்ணைப் பற்றியும், தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மே மாதத்து மத்தியானத்தைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன். நான் உத்தியோகத்தில் செய்த காரியங்களில் எதற்காக உன்னைப் பாராட்டலாம் என்று யாராவது கேட்டால் அந்த மத்தியானத்தைத்தான் காட்டுவேன்.

கோமதிக்குச் சங்கரன்கோவில் பக்கம். கணவர் மத்திய அரசு ஆபீஸில் தணிக்கைப் பிரிவு. மாற்றலாகி வந்து சால்ட் லேக்கில் அரசுக் குடியிருப்பில் இருந்தார்கள். அவளுக்கு வந்திருந்தது சொரியாசிஸ், அதிலும் கடுமையான வகை. முழங்கையில் ரெண்டு திட்டு என்று சிலர் வருவார்களே, அது இல்லை. முதுகு, தொடை, உச்சந்தலை, உள்ளங்கால் என்று உடம்பில் பாதிக்கு மேல் சிவந்து தடித்துச் செதில் செதிலாக உதிரும். விடியும் முன் எழுந்து படுக்கையைப் பெருக்கிவிடுவாளாம், கணவர் கண் விழிப்பதற்குள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மணிக்கட்டுவரை கை வைத்த ரவிக்கை போடுவாள். உள்ளங்கால் வெடித்திருக்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி நடப்பாள். காலையில் விரல்கள் வீங்கி, அரிவாள்மணையில் ஒரு கத்தரிக்காய் நறுக்க முடியாது. மருந்தின் காரணமாகப் பிள்ளை பெறுவதைத் தள்ளிப் போடச் சொல்லியிருந்தோம். தள்ளித் தள்ளி அதுவும் ஒரு ஓரமாகப் போய்விட்டது. தோல் நோய்தானே என்று சிரிக்கிற சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள். மூட்டு, தூக்கம், குடும்பம், மனசு என்று ஒரு வீட்டில் எத்தனை அறை உண்டோ அத்தனையிலும் போய் உட்கார்ந்துகொள்கிற நோய் அது.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்களைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த வாசலில் ஒரு வங்காளி அம்மாள் இருந்தார். அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவரைப் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவார்கள். கெட்டவர் இல்லை. பார்த்தால் சிரிப்பார், ஊர் விஷயம் கேட்பார். ஆனால் கோமதி வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை, உட்கார்ந்ததில்லை. தொற்றாது என்று கோமதியின் கணவர் டாக்டர் சீட்டைக்கூடக் காட்டியிருக்கிறார். பௌதி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வாசல்படிக்கு அந்தப் பக்கமாகவே நின்றுகொண்டார். எட்டு வருஷம் அப்படியே ஓடியது.

மாதம் ஒரு தடவை எங்களிடம் வந்துகொண்டிருந்தவள், அந்த வருஷம் தை மாசத்துக்குப் பிறகு வரவில்லை. பிறகுதான் தெரிந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு நாட்டு வைத்தியரிடம் போயிருக்கிறாள். அவர் கொடுத்த பொடியில் உடம்பு பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. அப்படி அவசரமாகப் பளிங்காக்குகிற பொடியில் என்ன கலந்திருக்கும் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள்: ஸ்டீராய்டு. எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு வராமல் இருந்துவிட்டாள். சித்திரையில் வைத்தியர் கடையை மூடிக்கொண்டு எங்கோ போய்விட்டார். பொடி சட்டென்று நின்றது. அந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் அடங்கியிருந்த நோய் பல மடங்காக எழுந்து வரும்.

அன்று காலை அவள் கணவர் தனியாக எங்கள் பிரிவுக்கு வந்தார். “சிஸ்டர், வீட்டுக்காரிக்கு அம்மை போட்டிருக்கு. எரிச்சலுக்குக் குளிர்ச்சியா பூசுறதுக்கு மட்டும் ஏதாவது இருந்தா குடுங்க” என்றார். அவருக்குத் தெரிந்த நர்ஸ், அதுவும் ஊர்க்காரி என்று வந்திருக்கிறார். நான் எழுந்து மருந்து அலமாரியைத் திறந்துவிட்டேன். திறந்தவள், எங்கே முதலில் வந்தது என்று சும்மா கேட்டேன். பழைய திட்டு இருந்த இடத்திலெல்லாம்தான் முதலில் வந்தது என்றார். கொப்புளம் தனித்தனியாக இருக்கிறதா என்றேன். இல்லை, ஒன்றோடொன்று சேர்ந்து சீழ் கட்டித் தேங்கி நிற்கிறது என்றார். காய்ச்சல்? இருக்கிறது, ஆனால் இந்த வெயிலிலும் பல் கிட்டி நடுங்குகிறாள் என்றார்.

அலமாரியை மூடினேன். சொரியாசிஸ் சீழ்க் கொப்புளமாக உடம்பு முழுக்கப் பரவுகிற நிலையை அதற்கு முன் ஒருமுறை பார்த்திருந்தேன். தோல் நம் வீட்டுச் சுவர் மாதிரி. சுவர் விழுந்துவிட்டால் உள்ளே இருக்கிற சூடு, தண்ணீர் எதுவும் நிற்காது. அந்த முதல் நோயாளியை எங்களிடம் தாமதமாகக் கொண்டுவந்தார்கள், காப்பாற்ற முடியவில்லை.

அவரிடம் சொன்னேன். இது அம்மையாக இருக்காது, பழைய நோய்தான் வேறு உருவத்தில் வந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. நான் கிறிஸ்தவள் என்பது தெரிந்தவர், மரியாதையாகவே சொன்னார்: “நீங்க வேதக்காரங்க சிஸ்டர், ஒங்களுக்கு இது வெளங்காது. தலைக்குத் தண்ணி ஊத்தாம வீட்ட விட்டு எடுக்கக் கூடாது. எங்க அக்காள அப்படித்தான் அம்மையோட பஸ்ல ஏத்திக்கிட்டுப் போனாவ. திரும்பி வரல.”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? மூடநம்பிக்கை என்று சொல்லலாம். படித்த ஆள் இப்படிப் பேசலாமா என்று கேட்கலாம். சின்ன வயதில் அக்காவைப் பறிகொடுத்த மனுஷன் அதையெல்லாம் காதில் வாங்குவாரா? அவர் மனைவியைக் காப்பாற்றத்தான் பிடிவாதமாக நின்றார். நானும் அதற்குத்தான் நின்றேன்.

எங்கள் பெரிய டாக்டரிடம் ஓடினேன். வங்காளி, அதிகம் பேசாதவர். கையுறை போடும் முன் நோயாளியின் மணிக்கட்டை வெறுங்கையால் ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு உண்டு. நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு, கொண்டு வா என்றார். கிளம்பியவளைத் திரும்பக் கூப்பிட்டார். “அங்கே போய் வாதத்தில் ஜெயித்துவிட்டு வராதே. ஆளைக் கொண்டு வா.” இவ்வளவுதான் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. எனக்கு வாயாடி என்று பெயர் இருந்தது, அதனால் சொன்னார்.

கணவரோடு டாக்ஸியில் போய் இறங்கினேன். வாசல் நிலையில் வேப்பங்கொத்து செருகியிருந்தது. உள்ளே தாளிக்கிற வாசனை இல்லை. மாடிப்படிவரை பெண்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். வங்காளத்திலும் அம்மை என்பது தாயின் வருகைதான். ‘மாயேர் தயா’, தாயின் கருணை, என்பார்கள். அவர்களுடைய மாரியம்மனான சீதளா தேவிக்கும் அதே வேப்பிலைதான். ஆக அந்தக் கட்டிடத்தில் தமிழர், வங்காளி என்ற பேதமில்லாமல் எல்லோரும் ஒரே தப்பை ஒரே பக்தியோடு செய்துகொண்டிருந்தார்கள். பௌதி இளநீர் வெட்டிக் கொண்டுவந்து, கோமதியின் படுக்கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். எட்டு வருஷமாக வாசல்படி தாண்டாத பௌதி!

கோமதி வேப்பிலை மேல் படுத்திருந்தாள். மேலே ஒரு மெல்லிய வேட்டி. ஜன்னல்கள் திறந்து கிடந்தன, மேஜை விசிறி அவள் மேல் நேராக வீசியது. எல்லாம் குளிர்ச்சிக்காக. அம்மைக்குச் செய்கிற அத்தனை உபசாரமும் அவள் உடம்பில் மிச்சமிருந்த சூட்டை உருவிக்கொண்டிருந்தது. முகம் தவிர வெள்ளையாகச் சீழ். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் போனதும் விசிறியை நிறுத்தினேன். பெண்கள் மத்தியில் ஒரு முணுமுணுப்பு. ஜன்னலைச் சாத்தினேன். ஊர்க்காரி, கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று பௌதியிடம் கேட்டு எல்லோரையும் வெளியே அனுப்பினேன்.

கதவைச் சாத்தியதும் கோமதி கண் திறந்தாள். வலியில் முனகுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

“அக்கா, பாத்தியளா, பௌதி உள்ள வந்து ஒக்காந்திருக்கா. எங்கால தொட்டுக் கும்புட்டாக்கா.”

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உண்மை தெரியும் என்று புரிந்தது. சின்ன வயதிலேயே அம்மை போட்டு எழுந்தவள் அவள். புருவத்தின் ஓரத்தில் தழும்பு இருந்தது. இது அது இல்லை என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. கணவர் அம்மை என்றார், ஊர் கைகூப்பியது, இவள் வாயை மூடிக்கொண்டாள்.

“இது அம்மை இல்ல கோமதி” என்றேன். “ஒன் பழைய சீக்குதான். இங்கயே கெடந்தா நீ பொழைக்க மாட்டே. பொய் சொல்லல.”

“தெரியும்க்கா. அம்மையாவே இருந்துட்டுப் போவட்டுமே. சீக்குன்னா ஒருத்தரும் வர மாட்டாவ.”

அந்த இடத்தில் நான் என்ன செய்வது? கதவைத் திறந்து, இது அம்மை இல்லை, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று உரக்கச் சொல்லியிருந்தால் கூட்டம் கலைந்திருக்கும். கணவர்கூட மசிந்திருப்பார். நான்கு பேருக்கு முன்னால் ஒரு நர்ஸ் அடித்துச் சொன்னால் எதிர்த்து நிற்பது கஷ்டம். என் வாய்க்கு அது சுலபமான வேலை, நியாயமான வேலையும்கூட. ஆனால் அத்தனை பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போவதை இவள் படுக்கையிலிருந்து கேட்பாள். அதைக் கேட்டபிறகு பிழைக்க வேண்டும் என்று இவளுக்கு ஏன் தோன்ற வேண்டும்? மருந்து பாதி, மனசு பாதி என்று சும்மா சொல்வதில்லை. அந்தப் பாதியை நானே பிடுங்கிப் போட முடியாது.

“வெளிய சொல்லிருவியளாக்கா?” என்று கேட்டாள்.

“டாக்டர்கிட்ட சொல்லுவேன். ஒன் வீட்டுக்காரர்கிட்ட நான் சந்தேகப்படுறத ஏற்கெனவே சொல்லியாச்சு. மத்த யாருக்கு என்ன சொல்லணும், எப்ப சொல்லணும்ங்கிறது ஒன் பாடு. என் வாயிலேருந்து வராது.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. “அவிய தண்ணி ஊத்தாம விட மாட்டாவளே” என்றாள்.

எனக்கு அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவில் அம்மை போட்ட வீடுகளைப் பார்த்து வளர்ந்தவள்தானே நானும். அந்த வீட்டில் படுத்திருக்கிறவரை யாரும் அதட்ட மாட்டார்கள். அவர் வாயில் வருவது ஆத்தாளின் வாக்கு. பனங்கிழங்கு கேட்டால் எங்கிருந்தாவது பனங்கிழங்கு வரும். அந்தக் குடியிருப்பில் அன்றைக்குக் கணவரையும் பௌதியையும் என்னையும்விடப் பெரியவள் ஒருத்தி இருந்தாள். அவள் என் முன்னால் நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

“நான் சொன்னா கேக்க மாட்டார்” என்றேன். “நீ சொன்னா இன்னைக்கு யார் மறுப்பா?”

கோமதி புரிந்துகொண்டாள். கெட்டிக்காரி. கதவைத் திறக்கச் சொன்னாள். கணவர் வந்ததும், பல் கிட்டுகிற நடுக்கத்தை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

“என்னய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நாந்தான் சொல்லுதேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் அந்தக் குரலில் பேசியிருக்க மாட்டாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா நினைவு வந்திருக்கும். கையைக் கூப்பி, “சரிம்மா” என்றார். பெட்டியிலிருந்து குளிர்காலத்துப் பஞ்சுப் போர்வையான ரஜாயை எடுத்தார். அதைச் சுற்றித் தூக்கினோம். பௌதி ஓடிப்போய் டாக்ஸியைக் கட்டிடத்தின் வாசலுக்கே வரவழைத்தார். படியில் இறங்கும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றி உலு ஒலி எழுப்பினார்கள், பூஜை முடிந்து தேவியை அனுப்பி வைக்கும்போது செய்வார்களே அப்படி. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மே மாத வெயிலில், ரஜாய்க்குள் அவளை என் மேல் சாய்த்துக்கொண்டு பைபாஸ் சாலையில் வந்தோம். கணவரும் நானும் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தோம். அவள் குளிருது குளிருது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெரிய டாக்டர் அவசரப் பிரிவு வாசலிலேயே நின்றிருந்தார். கோமதியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. அதன்பின் நடந்ததெல்லாம் உங்களுக்குப் பாடத்தில் வரும். சிறுநீர் குறைந்துபோய் பயமுறுத்திய நாட்கள் உண்டு. காய்ச்சல் விட்டுவிட்டுத் திரும்பியது. எங்கள் வார்டே அவளுக்காகக் கங்கணம் கட்டிக்கொண்டு நின்றது; பெருக்குகிற அம்மாள்கூட மேலே விசிறி சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். ஜூன் முடியும்போது கோமதி தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனாள். குணமாகிப் போனாள் என்று சொல்ல மாட்டேன். இந்த நோய் அடங்கும், அவ்வளவுதான். திட்டுகள் இருந்தன, விரல் வீக்கம் இருந்தது, மாதாமாதம் எங்களிடம் வருவதும் தொடர்ந்தது.

இதைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லும்போது யாராவது ஒரு பெண் கையைத் தூக்கிவிடுவாள். ஊரை ஏமாற்றியது சரியா சிஸ்டர் என்பாள். எங்கள் சபையில்கூட ஒரு அம்மாள், ஆத்தா வாக்குக்கு நீ உடந்தையா என்று கேட்டார். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நோயாளிக்கு உண்மையைச் சொன்னேன், கணவருக்குச் சொன்னேன், டாக்டருக்குச் சொன்னேன். மற்றவர்களுக்குச் சொல்வதற்கு அது என் நோய் இல்லை. இந்த வேறுபாட்டை ஒரு நடுக்கமான நிமிஷத்தில் கண்டுகொண்டேனே, அதற்காகத்தான் எனக்கு இந்தப் பெருமை.

அந்த வருஷம் துர்கா பூஜைக்குக் கோமதி என்னை வீட்டுக்கு அழைத்திருந்தாள். அஷ்டமி காலை. குடியிருப்பின் பந்தலுக்குப் பின்னால் பாய் விரித்து, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நைவேத்தியத்துக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். குளித்து, புதுப் புடவை கட்டி வருகிற பெண்களுக்குத்தான் அந்த வேலை கொடுப்பார்கள். அதற்கு அழைப்பது ஒரு மரியாதை. அந்த முறை கோமதியையும் அழைத்திருந்தார்கள். தாய் வந்து இறங்கிப் போன உடம்பல்லவா?

கோமதி பாயின் ஓரத்தில் நின்றாள். உட்காரவில்லை. தன் அரைகுறை வங்காள மொழியில், தட்டுத் தடுமாறி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். கோடையில் எனக்கு வந்தது மாயேர் தயா இல்லை, எனக்கு எப்போதும் உள்ள தோல் நோய்தான், இப்போதும் இருக்கிறது, இது யாருக்கும் தொற்றாது, தெரிந்துகொண்டு கூப்பிடுவதானால் உட்காருகிறேன் என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. கத்திகள் நின்றன. ஒரு பெண் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பௌதி கையிலிருந்த வெள்ளரிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கறுத்துப் போயிருந்தது. ஏமாந்துவிட்டோம் என்ற கோபம் இருந்திருக்கும். அது நியாயம்தான். பிறகு தலையைத் தூக்கி அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

“அன்றைக்கு உன் காலைத் தொட்டேன். எனக்கு என்ன வந்தது? ஒன்றும் வரவில்லையே.” கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டார். “உட்கார். உனக்கு விரல் வலிக்கும், வாழைப்பழத்தை உரி. வெள்ளரிக்காயை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

எட்டு வருஷமாக டாக்டர் சீட்டைக் காட்டிப் புரியவைக்க முடியாத ஒன்று அந்த அம்மாளுக்குத் தன் கையாலேயே புரிந்திருந்தது. கோமதி உட்கார்ந்தாள். புடவை ஓரத்தை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொள்ளாமல் அவள் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

திரும்பும்போது ஆட்டோ நிற்கும் இடம்வரை என்னோடு நடந்து வந்தாள். ஏன் சொன்னாய், நான்தான் யாரிடமும் மூச்சு விடவில்லையே, பாதுகாப்பாகத்தானே இருந்தது என்று கேட்டேன்.

“நீங்க சொல்லியிருந்தா எனக்கு அவமானமாப் போயிருக்கும்க்கா” என்றாள். “நானே சொன்னேன் பாத்தியளா, இப்ப அது வெறும் சீக்கு.”